மால்வேர் புகுந்த ஹார்ட் டிஸ்கைச் சுத்தம் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாகப் பிறருடைய கணினிகளைச் சரிசெய்து கொடுத்துவரும் எனக்கு, மால்வேர் எனப்படும் தீங்கு செய்யும் நிரல்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, அவை வழக்கமாக எழும் வரிசையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டையும் மனத்தில் வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே கருத்துதான் ஓடுகிறது: பாதிக்கப்பட்ட விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, அது தன்னைப் பற்றித் தானே சொல்லும் எதையும் முழுமையாக நம்பக் கூடாது.

கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. மால்வேர் புகுந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா?

வேகக் குறைவை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. பழைய ஹார்ட் டிஸ்க் பழுதாகத் தொடங்கினாலும் கணினி இதே போலத்தான் திணறும். ஆகவே டிஸ்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட் அளவீடுகளை முதலில் பாருங்கள். டிஸ்கிலிருந்து டக், டக் என்று ஒலி வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்கின் மீது மணிக்கணக்கில் முழு ஸ்கேனை ஓட்டினால், வைரஸ் தொடாத கோப்புகளையும் அந்த ஸ்கேனே காவு வாங்கிவிடும்.

மால்வேரைச் சந்தேகிக்கவைக்கும் அடையாளங்கள் வேறு. பிரவுசரின் தேடல் பக்கம் உங்களைக் கேட்காமல் மாறியிருக்கும். மற்ற தளங்கள் எல்லாம் திறக்கும்போது ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்க மறுக்கும். 2008-இல் பரவிய கான்ஃபிக்கர் என்ற மால்வேர் இப்படித்தான் நடந்துகொண்டது. பாதுகாப்பு மென்பொருள் தானாக அணைந்து கிடக்கும். நீங்கள் அனுப்பாத மின்னஞ்சல் உங்கள் பெயரில் நண்பர்களுக்குப் போயிருக்கும். நீங்கள் எதுவும் செய்யாதபோது விசிறி இரைந்து சுற்றி, டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே அடங்கிவிட்டால் அதையும் கவனியுங்கள்: உங்கள் கணினியைக் கொண்டு கிரிப்டோ நாணயம் தோண்டும் சில நிரல்கள், டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கும் வரை வேலையை நிறுத்திவைத்து ஒளிந்துகொள்ளும்.

சந்தேகம் உறுதியானதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ திறக்காதீர்கள். பேக்கப் வைத்திருக்கும் டிஸ்கைப் பதற்றத்தில் கொண்டுவந்து சொருகிவிடாதீர்கள்.

கோப்புகளின் பெயர்கள் உங்கள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தால், அது, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்ற மால்வேரின் வேலை. அப்போது யோசிக்க நேரமில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்துவிடுங்கள். நினைவகத்தில் உள்ள தடயங்கள் அழிந்துபோகும் என்பதால் பெரிய நிறுவனங்களில் விசாரணை நடத்துபவர்கள் இதைத் தவிர்க்கச் சொல்வார்கள். சொந்தக் கணினி வைத்திருப்பவருக்குத் தடயத்தைவிட இன்னும் பூட்டப்படாமல் மிஞ்சியிருக்கும் கோப்புகளே முக்கியம் என்பது என் கருத்து.

சுத்தம் செய்துவிட்டு அதன் பிறகு கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது, பிரதி எடுப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும். சுத்தம் செய்யும்போது ஆன்டிவைரஸ் ஒரு முக்கியமான சிஸ்டம் கோப்பை நீக்கிவிட்டு, அதன் பிறகு விண்டோஸ் எழவே இல்லை என்று கலங்கி நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக நிறுவிக்கொள்ளலாம். உங்கள் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை எங்கிருந்தும் இறக்கிக்கொள்ள முடியாது.

பிரதியை எடுக்கும் இடமும் முக்கியம். பாதிக்கப்பட்ட விண்டோஸுக்குள் இருந்துகொண்டு பென் டிரைவைச் சொருகினால் மால்வேரும் அதில் ஏறிக்கொள்ளலாம். வேறொரு நல்ல கணினியில், விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமான லினக்ஸில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் போன்ற ஏதேனும் ஒரு வகையைப் பென் டிரைவில் பூட் ஆகும்படி (கணினி அதிலிருந்தே தொடங்கும்படி) எழுதி, அதன் வழியாகப் பாதிக்கப்பட்ட கணினியைத் தொடங்குங்கள். நிறுவும் தேவை இல்லை. சோதித்துப் பார்க்கும் முறையிலேயே அது ஓடும். அப்போது உங்கள் ஹார்ட் டிஸ்கில் உள்ள விண்டோஸ் தூங்கிக்கொண்டிருப்பதால், அதோடு சேர்ந்து மால்வேரும் தூங்கிக்கொண்டிருக்கும். ஆவணங்கள், படங்கள், வீடியோக்கள் ஆகியவற்றை மட்டும் வெளி டிஸ்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இஎக்ஸ்இ என்று முடியும் நிரல்கள், செட்டப் கோப்புகள், ஸ்கிரிப்டுகள் எதையும் எடுக்காதீர்கள். அவை மீண்டும் கிடைக்கக்கூடியவை. மேக்ரோ (கோப்புக்குள்ளேயே பொதிந்த சிறு நிரல்) உள்ள வேர்டு, எக்செல் கோப்புகளைத் தனி ஃபோல்டரில் போட்டு, ஸ்கேன் செய்யும் வரை திறக்காமல் வையுங்கள்.

இரண்டு இடங்களில் தடங்கல் வரலாம். விண்டோஸை விரைவாக எழவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி செயலில் இருந்தால், லினக்ஸ் அந்த டிஸ்கைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும். பிரதி எடுக்க அதுவே போதும் என்பதால் கவலை வேண்டாம். விண்டோஸின் டிஸ்க் பூட்டும் வசதியான பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி தேவைப்படும். பெரும்பாலானோருக்கு அது அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ அதை முன்கூட்டியே பார்த்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் செய்து "எதுவும் இல்லை" என்கிறது. ஆனாலும் தொல்லை நிற்கவில்லை. எப்படி?

ஆன்டிவைரஸ் ஒரு ஃபோல்டரில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பார்க்க விரும்பினால், அது டிஸ்கை நேரடியாகத் தொடுவதில்லை. விண்டோஸின் உள்மையத்திடம் கேட்கிறது, உள்மையம் ஒரு பட்டியலைத் தருகிறது. ரூட்கிட் எனப்படும் வகை மால்வேர் இந்த வழியின் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. பட்டியல் மேலே போகும்போது தன் பெயரை மட்டும் அதிலிருந்து உருவிவிடுகிறது. கேட்டவருக்குக் கிடைப்பது குறையில்லாதது போலத் தோன்றும் ஒரு பட்டியல். கோப்பு டிஸ்கிலேயே இருக்கிறது, ஆனால் கேட்கும் எவருக்கும் அது இல்லை.

இது ஏட்டளவிலான அச்சம் இல்லை. 2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் தன் இசைக் குறுந்தகடுகளில் வைத்த நகல் தடுப்பு மென்பொருள், ஒரு குறிப்பிட்ட குறியீட்டில் தொடங்கும் பெயர் கொண்ட எல்லாவற்றையும் விண்டோஸின் கண்ணிலிருந்தே மறைத்தது. விண்டோஸ் வல்லுநரான மார்க் ருசினோவிச் தன் சொந்தக் கணினியில் அதைக் கண்டுபிடித்து வெளியிட்ட பிறகே உலகத்துக்குத் தெரிந்தது. அந்த மறைப்பைத் தங்களுக்குச் சாதகமாக்கி, அதே குறியீட்டில் பெயர் வைத்துக்கொண்ட வேறு மால்வேர்களும் விரைவிலேயே வந்தன.

ஆகவே, உள்ளேயிருந்து செய்யும் ஸ்கேன் ஏதாவது இருப்பதாகச் சொன்னால் அதைக் கவனியுங்கள். எதுவும் இல்லை என்று சொன்னால் அதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். ரூட்கிட் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானதாக இருந்தாலும், அது இருக்கும் விண்டோஸ் ஓடாதபோது வெறும் பைட்டுகளின் குவியல்தான்.

அப்படியானால் வெளியிலிருந்து ஸ்கேன் செய்வது எப்படி?

எளிமையான வழி விண்டோஸிலேயே இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், ஸ்கேன் விருப்பங்களில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுதொடக்கம் ஆகி, வழக்கமான விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஒரு தனிச் சூழலில் ஸ்கேன் நடக்கும். ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். முடிவை, விண்டோஸ் எழுந்த பிறகு பாதுகாப்பு வரலாற்றில் பார்க்கலாம்.

மால்வேர் அந்த வசதியையே முடக்கியிருந்தால், ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தரும் மீட்பு டிஸ்கைப் பயன்படுத்தலாம். காஸ்பர்ஸ்கியும் டாக்டர் வெப்பும் இத்தகையவற்றை இலவசமாகத் தருகின்றன. நல்ல கணினியில் இறக்கி, பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். வைரஸ் தரவுகள் புதியனவா என்று ஸ்கேனுக்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதப் பழைய தரவுகளோடு செய்யும் ஸ்கேன், புது மால்வேரைத் தாண்டிப் போய்விடும்.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி ஸ்கேன் செய்யலாமா?

செய்யலாம்; நான் அதிகம் நம்பும் வழியும் இதுதான். சாட்டா இணைப்புள்ள டிஸ்கை யுஎஸ்பி கேபிள் வழியாகவும், மதர்போர்டில் நேரடியாகப் பொருத்தும் சிறிய என்விஎம்இ டிஸ்கை அதற்குரிய உறையில் வைத்தும் இணைக்கலாம். இணைக்கும் கணினியில் ஆன்டிவைரஸ் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்கேன் முடியும் வரை அந்த டிஸ்கில் எந்தக் கோப்பையும் இரட்டை கிளிக் செய்யாதீர்கள். தவறுதலாக அந்த டிஸ்கிலிருந்தே கணினி பூட் ஆகிவிடாதபடி, விண்டோஸ் முழுவதும் எழுந்த பிறகு இணையுங்கள்.

இந்த வழிக்கு ஒரு குறை உண்டு. ஸ்கேன் செய்யும் கணினி பொதுவாகத் தன்னுடைய ரெஜிஸ்ட்ரியைத்தான் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) பார்க்கும். இணைக்கப்பட்ட டிஸ்கில் உறங்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போகாது. அதனால் மால்வேரின் கோப்பு நீங்கியிருக்கும், அதை அழைக்கும் குறிப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். டிஸ்கைத் திரும்ப மாட்டிக் கணினியைத் தொடங்கும்போது, இன்ன கோப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு செய்தி ஒவ்வொரு முறையும் வந்தால் மிரள வேண்டாம். வீட்டை விட்டுப் போனவரின் பெயருக்கு இன்னும் கடிதம் வருவது போன்றது அது. அந்தக் குறிப்பை நீக்கும் முறை அடுத்த பதிலில் இருக்கிறது.

நீக்கிய மால்வேர் மறுநாளே திரும்பி வந்துவிடுகிறது. ஏன்?

கண்ணில் பட்ட கோப்பை நீக்கியிருப்பீர்கள், அதைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாட்டை விட்டுவைத்திருப்பீர்கள். மால்வேர்கள் தம் இருப்பை உறுதிசெய்துகொள்ளப் பல இடங்களில் குறிப்பு எழுதி வைக்கின்றன: ஸ்டார்ட்அப் ஃபோல்டர், ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதி, பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர், பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்கள். இவை அனைத்தையும் ஒரே இடத்தில் காட்டும் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியை மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் பக்கத்தில் இறக்கிக்கொள்ளலாம். மேலே சொன்ன ருசினோவிச்சின் கைவண்ணம்தான் அதுவும். மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கும் விருப்பத்தை அதில் தேர்ந்தெடுத்தால், பார்க்க வேண்டிய பட்டியல் சிறிதாகிவிடும்.

அண்மையில் ஒரு கணினியில் நான் கண்டதை அப்படியே சொல்கிறேன். டாஸ்க் ஷெட்யூலரில், பிரவுசரைப் புதுப்பிக்கும் பணி போலப் பெயர் வைத்துக்கொண்டு ஒரு பதிவு இருந்தது. உண்மையான புதுப்பிப்புப் பணி என்றால் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு நிரலை அழைக்கும். இது விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் கருவியான பவர்ஷெல்லை அழைத்து, அதன் பின்னால் பொருள் விளங்காத எழுத்துகளை நான்கு வரி நீளத்துக்கு ஒட்டவைத்திருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும்படி நேரமும் குறிக்கப்பட்டிருந்தது. கணினியின் உரிமையாளர் அதற்கு முன் ஒரு வாரமாக ஒரே கோப்பை நாள்தோறும் நீக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பதிவை நீக்கி, ஆஃப்லைன் ஸ்கேனை இன்னொரு முறை ஓட்டிய பிறகு கோப்பு திரும்பவில்லை. பதிவின் பெயரைப் பார்த்து ஏமாறாமல், அது எதை அழைக்கிறது என்பதைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

பிரவுசரில் மட்டும் தொல்லை திரும்பத் திரும்ப வருகிறது என்றால், பல கருவிகளில் உள்ள பிரவுசர்களை ஒன்றுபோல வைக்கும் சிங்க் வசதியை அணைத்துவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் நீக்கிய எக்ஸ்டென்ஷனை உங்கள் கணக்கே மற்றொரு கருவியிலிருந்து கொண்டுவந்து மீண்டும் நிறுவிவிடும்.

பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டன. கோப்புகள் போய்விட்டனவா?

பெரும்பாலும் போயிருக்காது. ஃபோல்டர்களின் ஓரத்தில் சிறிய வளைந்த அம்புக்குறியும், அளவில் ஒன்று அல்லது இரண்டு கேபியும் தெரிந்தால், உங்கள் உண்மையான ஃபோல்டர்கள் மறைக்கப்பட்டு, அவற்றின் பெயரில் போலிகள் வைக்கப்பட்டுள்ளன என்று பொருள். போலியைத் திறந்தால் உங்கள் ஃபோல்டரும் திறக்கும், பின்னணியில் மால்வேரும் ஓடும்; அதனால்தான் பலரும் பல நாள் கவனிப்பதில்லை. சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாதது போலத் தோன்றும் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடும்.

முன்பு சொன்ன லினக்ஸ் பென் டிரைவ் இங்கேயும் கைகொடுக்கும். விண்டோஸ் போடும் மறைப்புக் குறியை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை. உண்மையான ஃபோல்டர்கள் பளிச்சென்று தெரியும். அவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டுப் பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். பென் டிரைவைச் சுத்தம் செய்துவிட்டுப் பாதிக்கப்பட்ட கணினியை அப்படியே விட்டால் வேலை வீண்.

குவாரன்டைனில் இருக்கும் கோப்புகளை உடனே அழித்துவிட வேண்டுமா?

அவசரம் இல்லை. குவாரன்டைனில் உள்ள கோப்பு இயங்க முடியாத வடிவில் அடைத்துவைக்கப்பட்டிருக்கும். ஆன்டிவைரஸ் தவறாகவும் பிடித்திருக்கலாம் என்பதால், ஓரிரு வாரம் கணினி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள். ஆனால், கிராக் செய்த மென்பொருளை ஆன்டிவைரஸ் பிடிக்கும்போது அதைத் தவறான எச்சரிக்கை என்று எண்ணி வெளியே விடாதீர்கள். நான் சுத்தம் செய்த கணினிகளில் பலவற்றுக்குள் மால்வேர் புகுந்த வாசல் அதுதான்.

இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக வைத்துக்கொண்டால் பாதுகாப்பு கூடுமா?

கூடாது. எந்நேரமும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ் ஒன்று இருந்தால் போதும். இரண்டு இருந்தால் ஒன்றை ஒன்று தடுக்கும். தேவைப்படும்போது மட்டும் ஓட்டும் மால்வேர்பைட்ஸ், மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் போன்றவற்றை இரண்டாம் கருத்துக்காகப் பயன்படுத்தலாம். சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும்.

எப்போது சுத்தம் செய்யும் முயற்சியைக் கைவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும்?

ரூட்கிட் உறுதியானால், கடவுச்சொல் திருடும் மால்வேர் அகப்பட்டால், வெளியாள் ஒருவர் தொலைவிலிருந்து கணினியை இயக்கியதற்கான அறிகுறி இருந்தால், தயங்காமல் புதிதாக நிறுவுங்கள். சாலிட்டி, விரூட் போன்ற வைரஸ்கள் டிஸ்கில் உள்ள நூற்றுக்கணக்கான நிரல்களுக்குள் தம்மையே ஒட்டவைத்துக்கொள்ளும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்த பிறகும் நிரல்கள் ஒழுங்காக ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. இரண்டு நாள் போராடிச் சுத்தம் செய்து, பிறகும் மனத்தில் ஒரு முள்ளோடு அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதைவிட, அரை நாளில் புதிதாக நிறுவிவிடுவது மேல். விளம்பரம் காட்டும் எக்ஸ்டென்ஷன் போன்ற சில்லறைத் தொல்லைகளுக்கு இவ்வளவு தேவை இல்லை.

ஃபார்மட் செய்தால் எல்லாம் போய்விடுமா?

எதை ஃபார்மட் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் டி டிரைவில் உள்ள பாதிக்கப்பட்ட செட்டப் கோப்பு அப்படியே இருக்கும். அதை நீங்களே ஒரு நாள் திறப்பீர்கள். பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்குகளில், கணினி தொடங்கும்போது படிக்கும் முதல் 512 பைட்டுகளான மாஸ்டர் பூட் ரெக்கார்டு எந்த டிரைவுக்குள்ளும் அடங்காது. சி டிரைவை ஃபார்மட் செய்தாலும் அங்கே உட்கார்ந்திருக்கும் மால்வேர் அசையாது.

எனவே, நல்ல கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை இறக்கி, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். டிஸ்கைத் தேர்ந்தெடுக்கும் திரையில், அந்த டிஸ்கின் எல்லாப் பகுதிகளையும் நீக்கி, ஒதுக்கப்படாத இடம் என்ற ஒரே வரி மிஞ்சும் வரை கொண்டுவாருங்கள். நீக்குவதற்கு முன் டி டிரைவில் உள்ளவற்றையும் பிரதி எடுத்தாயிற்றா என்று இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். டிஸ்கின் தொடக்கத்தையும் துடைக்க விரும்புவோர் டிஸ்க்பார்ட் கருவியின் கிளீன் கட்டளையைப் பயன்படுத்தலாம். எந்த டிஸ்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பதை அளவை வைத்து இருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அது மறு கேள்வி கேட்காது. மால்வேரைப் போக்குவதற்காக டிஸ்க் முழுவதும் சுழியங்களால் நிரப்பத் தேவை இல்லை; எஸ்எஸ்டி டிஸ்குகளுக்கு அது வீண் தேய்மானமும்கூட.

டிஸ்குக்கு வெளியே, மதர்போர்டின் சிப்பில் இருக்கும் பயாஸை (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) தாக்கும் மால்வேரும், அந்தச் சிப்பிலேயே தங்கும் மால்வேரும் உண்டு. 1998-இல் வந்த சிஐஎச் வைரஸ் பயாஸையே அழித்துக் கணினிகளை முடக்கியது. 2018-இல் கண்டறியப்பட்ட லோஜாக்ஸ், டிஸ்கை மாற்றினாலும் பிழைத்திருக்கும் வகையைச் சேர்ந்தது. இவை அரியவை. முழுமையாகப் புதிதாக நிறுவிய பிறகும், இணையத்தோடு இணைக்கும் முன்பே பழைய தொல்லை தலைகாட்டினால், மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பயாஸைப் புதுப்பியுங்கள்.

ரான்சம்வேர் பூட்டிய கோப்புகளை ஆன்டிவைரஸ் திறந்து தருமா?

தராது. ஆன்டிவைரஸ் பூட்டுப் போட்டவனை வெளியேற்றும். போட்ட பூட்டு அப்படியே இருக்கும். நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில், பூட்டப்பட்ட ஒரு கோப்பையும் மிரட்டல் குறிப்பையும் ஏற்றினால், அந்த வகைக்குச் சாவி இருக்கிறதா என்று சொல்லும். அந்தரங்கமான கோப்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். இன்று சாவி இல்லாவிட்டாலும் பூட்டிய கோப்புகளை அழிக்காமல் தனி டிஸ்கில் எடுத்து வையுங்கள். குற்றவாளிகள் பிடிபட்டுப் பின்னாளில் சாவிகள் வெளிவந்தது உண்டு. பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொடுத்தவர்களுக்கெல்லாம் கோப்பு திரும்பியதில்லை.

கணினி சுத்தமாகிவிட்டது. கடவுச்சொற்களை மாற்ற வேண்டுமா?

கட்டாயம் மாற்ற வேண்டும். அதையும் சுத்தம் முடியும் வரை தள்ளிப்போடாமல், முதல் நாளே வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். மின்னஞ்சலில் தொடங்குங்கள், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேதான் வரும். பிரவுசரில் சேமித்துவைத்த கடவுச்சொற்களோடு, நீங்கள் உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமான குக்கிகளையும் இன்றைய மால்வேர்கள் திருடுகின்றன. அந்தக் குக்கி கையில் இருப்பவனுக்குக் கடவுச்சொல்லும் தேவை இல்லை, ஓடிபியும் தேவை இல்லை. ஆகவே கடவுச்சொல்லை மாற்றிய கையோடு, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் விருப்பத்தையும் அழுத்துங்கள்.

பேக்கப் டிஸ்கிலும் மால்வேர் இருக்குமோ என்று அச்சமாக இருக்கிறது. எப்படித் திருப்பிப் போடுவது?

புதிதாக நிறுவிய விண்டோஸில் எல்லாப் புதுப்பிப்புகளையும் முதலில் முடித்துவிடுங்கள். 2017 மே 12 அன்று வானாகிரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அடுத்து, கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை (இஎக்ஸ்இ, பிடிஎஃப் போன்றவை) காட்டும் விருப்பத்தை எக்ஸ்புளோரரில் செயல்படுத்துங்கள். அது இல்லாதபோது, பிடிஎஃப் என்று பெயரில் எழுதி இஎக்ஸ்இ என்று முடியும் கோப்பு, வெறும் பிடிஎஃப் போலவே கண்ணுக்குத் தெரியும்.

இப்போது பேக்கப் டிஸ்கை இணைத்து, எதையும் திறக்காமல் முழு ஸ்கேனை ஓட்டுங்கள். சுத்தம் என்று வந்த ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகப் பிரதி எடுங்கள். முதலில் படங்கள், பிறகு ஆவணங்கள், மேக்ரோ கோப்புகள் கடைசியில். அந்தப் பேக்கப்பை உடனே அழித்துவிடவோ அதன் மேல் புதிய பேக்கப்பை எழுதவோ வேண்டாம். டிஸ்கைக் கழற்றி, அதன் மேல் தேதியை எழுதி, ஒரு மாதமாவது தனியாக வைத்திருங்கள்.